கடிகாரம் உள்ளேதான் ஓடியது

அரசாங்க நர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் தைரியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில் இருட்டுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காரப் பயம். நர்ஸ் ஆன பிறகு மேட்ரனைக் கண்டால் பயம். நானே வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டராகி, என்னைக் கண்டு நாலு பேர் ஓடி ஒளிய ஆரம்பித்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. இப்போது ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் மகளோடு இருக்கிறேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிடுவேன். மகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

உங்களில் சிலரை, சேர்ந்த சூட்டோடு, கிளினிக்கின் மேம்பாட்டுக் குழுவில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். 'லீன்' என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள். கலர் கலரான தாள்களைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருப்பார்கள். அந்த முறையை நான் குறை சொல்லப் போவதில்லை. நோயாளிக்குப் பயன்படாத அலைச்சலையும் காத்திருப்பையும் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது, எடுத்த பிறகும் சும்மா இருக்காமல் மறுபடி பார்ப்பது, அவ்வளவுதான் சங்கதி. நல்ல சங்கதி. அதை வைத்துக்கொண்டே ஒரு மனிதனைச் சாகக் கொடுக்க இருந்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு பெரிய வார்டிலிருந்து என்னைக் கிள்ளான் பக்கம் ஒரு கிளினிக்குக்கு மாற்றினார்கள். எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காலையில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் பாதி தூரம் தூங்கலாம் என்பதுதான் எனக்கு அந்த மாற்றலில் பிடித்த ஒரே விஷயம்.

அந்தக் கிளினிக்குக்கு நல்ல பெயர். காத்திருக்கும் நேரம் அங்கே மிகக் குறைவு என்று மற்ற கிளினிக்குக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதைச் செய்தவர் தலைமை டாக்டர் நிர்மலா. முன்பெல்லாம் நோயாளிகள் அட்டை கொடுக்க ஒரு மூலை, ரத்த அழுத்தம் பார்க்க இன்னொரு மூலை, ரத்தம் கொடுக்க மாடி, மருந்து வாங்க மறுபடி கீழே என்று பிரதட்சணம் வருவார்களாம். டாக்டர் நிர்மலா தன் கையாலேயே தரையில் டேப் ஒட்டி, மேசைகளை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டுவந்திருக்கிறார். கால் வீங்கிய கிழவர்கள் மாடி ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அது பொய்யான சாதனை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதை வைத்து நீங்கள் அவரை மட்டமாக நினைத்துவிடக் கூடாது.

தினமும் காலையில் எல்லோரும் ஒரு போர்டுக்கு முன்னால் நிற்போம். முந்தைய நாள் நோயாளிகள் காத்திருந்த நேரம் இலக்குக்குள் இருந்தால் பச்சைக் காந்தம், தாண்டியிருந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் நம் ஆட்கள் எங்கே 'ஏன்' என்று கேட்டார்கள்? 'யார்' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டுவிட்டால் போதும், அப்புறம் அந்தப் போர்டில் சிவப்பே வராது.

நான் போன முதல் நாள் போர்டு முழுக்கப் பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. டெங்கி மும்முரமாக இருந்த சமயம் அது. பக்கத்துக் கிளினிக்குகளில் எல்லாம் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கிறது. இங்கே மட்டும் உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. சத்தமில்லாத குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தால் வருமே ஒரு பயம், அதுதான் எனக்கு வந்தது.

கூட்டம் எங்கே என்று தேடிப் போனேன். வெளியே, வண்டி நிறுத்தும் இடத்தில், கல்யாண வீட்டுக்குப் போடுவது போல ஒரு கூடாரம். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக ஜனங்கள். அந்தக் கூடாரமும் நல்ல எண்ணத்தில் போட்டதுதான். கதவு திறக்கும் முன்பே வருகிறவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்று யாரோ யோசனை சொல்ல, அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள்.

பதிவுக் கவுண்டரில் சுகுமாரன் என்று ஒருவர். எல்லோருக்கும் சுகு. ஒப்பந்த ஊழியர், கல்யாணமாகி இரண்டு சின்னப் பிள்ளைகள், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரைக் கேட்டேன்.

"ஏன் சுகு, உள்ள இத்தனை நாற்காலி காலியா கெடக்கு, வெளிய அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க?"

"கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடறோம் சிஸ்டர். நெரிசல் வேணாம்னு."

"சரி, நம்பரைக் குடுத்துட்டு வெளிய உக்கார வைக்கலாமே?"

சுகு என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நம்பர் குடுத்தா டைம் ஓட ஆரம்பிச்சிரும் சிஸ்டர்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. நோயாளி நம்பர் வாங்கும்போதுதான் கம்ப்யூட்டரில் கடிகாரம் ஓடத் தொடங்கும். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நிற்கும். அந்த இடைவெளிதான் போர்டில் ஏறும் காத்திருக்கும் நேரம். உள்ளே ஆள் குறையும்வரை நம்பரைக் கொடுக்காமல் வைத்திருந்தால், கூடாரத்தில் காத்திருந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. விடியற்காலையில் வந்த ஆள் பத்து மணிக்கு வந்தவராக ஆகிவிடுவார். அதுவரை, கம்ப்யூட்டரைப் பொறுத்தமட்டில், அப்படி ஒரு ஆள் கிளினிக்குக்கு வரவே இல்லை.

"இப்படிச் செய்யச் சொல்லி யாரு சொன்னா?"

"யாருமே சொல்லல லா சிஸ்டர். ஒரு நாள் சிவப்பு வந்துச்சு. மீட்டிங்ல எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க. நான் கான்ட்ராக்ட் ஆளு. வருசா வருசம் புதுப்பிக்கணும். மறுநாள் கொஞ்சம் மெதுவா நம்பர் குடுத்தேன். பச்சை வந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல."

அவர் குரலில் திருட்டுத்தனமே இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம் என்பதால் என்னால் கோபப்பட முடியவில்லை.

டாக்டர் நிர்மலாவிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா சிஸ்டர்? ஜன்னல் வழியா தினம் பாக்கறேன்."

"அப்ப நிறுத்திருவோம் டாக்டர். வெளிய யாராவது ஒருத்தர் சாஞ்சிட்டா?"

"அடுத்த வாரம் ஷா ஆலம் சுகாதார இலாகால இருந்து பெரியவர் விசிட். இந்தக் கிளினிக்கை மாதிரியா வச்சு மத்த எடத்துலயும் செய்யலாமான்னு பாக்க வர்றார். இப்ப போர்டு சிவப்பாச்சுன்னா, நாங்க உண்மையா செஞ்சது எல்லாமே பித்தலாட்டம்னு ஆயிரும். விசிட் முடியட்டும். நானே சரி பண்ணிடறேன். ப்ராமிஸ்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இதில் பயங்கரமான விஷயம். எங்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோரும் அவரவர் மேலே இருப்பவருக்குப் பயந்தோம். அந்தப் பயம் கை மாறிக் கை மாறிக் கடைசியில் கூடாரத்தில் போய், ஒன்றும் அறியாத ஒரு காய்ச்சல்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு நிம்மதி இல்லை. விசிட் முடியும்வரை தினமும் காலையில் நானே கூடாரத்துக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவருவது என்று வைத்துக்கொண்டேன். வெளுத்த முகம், மூச்சு வாங்கும் ஆள், துவண்ட குழந்தை யாராவது கண்ணில் பட்டால் கையோடு உள்ளே அழைத்து வந்துவிடுவேன். சுகுவும் எதுவும் சொல்லாமல் நம்பர் கொடுத்துவிடுவார். அந்த வாரம் அப்படியே ஓடியது.

விசிட் நாள் வந்தது. நம் ஊரில் பெரியவர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வாடகைக்குப் பூத்தொட்டிகள் வந்து இறங்கின. கழிப்பறையில் புது சோப்பு. வாசலில் வரவேற்புத் துணி, அதற்குக் கீழே சிவப்புக் கம்பளம். அலுவலக அறையில் நாசி லெமாக்கும் கறிபாப்பும் தட்டுத் தட்டாக. ஒவ்வொரு அறையிலும் கிடந்த உடைந்த நாற்காலி, ஓடாத விசிறி, பழைய பெட்டி எல்லாவற்றையும் முந்தைய நாளே தூக்கிப் பின்பக்க நடையில் அடைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. ஒழுங்காக இருக்கிறோமாம். எனக்குக் கொடுத்த வேலை போர்டுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது. அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று காலையிலேயே உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கூடாரத்துக்குப் போக முடியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு உத்தரவு. அதுவும் யார் போட்டது என்று தெரியாத உத்தரவுதான். பெரியவர் வரும்போது கூடாரம் நிரம்பி வழிந்தால் நன்றாக இருக்காது. சுகு வெளியே போய், சாதாரணக் காய்ச்சல், இருமல் என்றால் நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பலர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

"பாஸ் கிளம்பிட்டாராம், கூட்டரசு நெடுஞ்சாலையில வந்துக்கிட்டு இருக்காராம்" என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தபோதுதான் விருந்தினருக்கு நாற்காலி போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கூடாரத்தில் காலியாக இருப்பதில் நாலைந்தை எடுத்துவர நான் போனேன்.

கூடாரத்தில் சிலரே மிச்சம். கடைசி வரிசை ஓரத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சாப்பாட்டுக் கடை டி-ஷர்ட், மடியில் பிளாஸ்டிக் பை, கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்ததும், தன் நாற்காலியைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர், எடுத்துக்கங்க, நான் கீழ உக்காந்துக்கறேன்" என்றார். பேச்சில் ராமநாதபுரத்து வாடை.

"நீங்க உக்காருங்க தம்பி. என்ன செய்யுது?"

"காய்ச்சல்தான் சிஸ்டர். அஞ்சாறு நாளா இருந்துச்சு. இப்ப விட்டுருச்சு. காலையில இருந்து ஒடம்பு குளுந்து போச்சு, பரவால்ல. வயிறுதான் வலிக்குது. ரெண்டு மூணு வாட்டி வாந்தி."

"நாளைக்கு வரச் சொன்னாங்களே, நீங்க போகலியா?"

"கடை வேன் மத்தியானம்தான் வந்து கூட்டிப் போகும். போறதுக்கு வழி இல்ல. அதான் இருக்கேன். பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கு சிஸ்டர், என்கிட்ட காப்பிதான் இருக்கு. அதனால நம்பர் கேக்கல. தொந்தரவு இல்லியே?"

டெங்கியில் காய்ச்சல் அடிக்கும் நாளைவிடக் காய்ச்சல் விடும் நாளுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். இது உங்கள் எல்லோருக்கும் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இருப்பது வேறு, கையில் தெரிவது வேறு. நான் அவர் கையைப் பிடித்தேன். கிள்ளான் வெயிலில், தகரம் போல் கொதிக்கும் கூடாரத்துக்குள், அந்தக் கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல் சில்லென்று ஈரமாக இருந்தது. நாடியைத் தேடினேன். தேட வேண்டியிருந்தது.

மறைக்க ஒன்றும் இல்லை. என் மனதில் வரிசையாக வந்த பயங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆள் இங்கேயே என் கையில் போய்விடுவார் என்ற பயம். இவரை உள்ளே கொண்டுபோனால் எல்லோர் முன்னாலும் போர்டின் குட்டு உடையும் என்ற பயம். டாக்டர் நிர்மலாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் எனக்கு எதற்கு இந்த வம்பு என்ற பயம். எத்தனை பயம் வந்தாலும் வரட்டும், ஆனால் அவற்றில் எது உயிர் சம்பந்தப்பட்டது என்று ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மற்றவை எல்லாம் வேலை சம்பந்தப்பட்டவை, மானம் சம்பந்தப்பட்டவை. அவை காத்திருக்கும். இதைத் தவிர நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேறு பெரிய ரகசியம் கிடையாது.

"சுகு! வீல்சேர்!" என்று கத்தினேன். பயந்தவர்களின் கத்தல் நன்றாகக் கேட்கும்.

சுகு ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், கம்பளத்தின் முனையில் டாக்டர் நிர்மலா, கையில் பூங்கொத்தோடு. கேட்டுக்குள் கறுப்புக் கார் திரும்பிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், இப்ப இந்த வழியா வேணாம், ப்ளீஸ். பின்பக்கமா கொண்டு போங்க" என்றார், உதட்டை அசைக்காமல்.

"பின்பக்கம் பூரா உடைஞ்ச நாற்காலி டாக்டர். போக முடியாது. கையைத் தொட்டுப் பாருங்க."

"ரெண்டே நிமிசம், அவர் உள்ள போனதும்..."

"தொட்டுப் பாருங்க டாக்டர்."

நான் அதுவரை எந்த டாக்டரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை. அவர் பூங்கொத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அந்த மனிதரின் மணிக்கட்டைத் தொட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தலைமை டாக்டர், போர்டு, விசிட் எல்லாம் அந்த முகத்திலிருந்து கழன்று, எப்போதோ ஆஸ்பத்திரியில் ஓடி ஓடி வேலை செய்த ஒரு சின்ன டாக்டர் அங்கே நின்றார். பூங்கொத்தைப் பூத்தொட்டி மேலேயே போட்டுவிட்டு வீல்சேரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். கம்பளத்தின் நடுவிலேயே தள்ளிக்கொண்டு ஓடினோம். சக்கரத்தில் கம்பளம் சுருண்டது.

அடுத்து நடந்த சிகிச்சையை விவரிக்க மாட்டேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்த்தன. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. டாக்டர் நிர்மலா தரையில் மண்டியிட்டு, நோயாளியின் கையைத் தட்டித் தட்டி ஒரு நரம்பைக் கண்டுபிடித்தார். அந்த மனிதரின் பெயர் சாதிக் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சாதிக் கண்ணை மூடக் கூடாது என்று நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"வீட்டுக்குச் சொல்லாதீங்க சிஸ்டர். பயந்துருவா" என்றார்.

"நீங்க கண்ணைத் தெறந்து வச்சிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?"

நிமிர்ந்து பார்த்தால் அறைக் கதவருகே பெரியவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் நிர்மலா தரையிலிருந்தபடியே சொன்னார். பெரியவர் தலையாட்டிவிட்டு, மலாயில் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த நோயாளி எத்தனை மணிக்கு வந்தார்?

யாரோ கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். கம்ப்யூட்டரில் சாதிக் இல்லை. உள்ளே வராத ஆளுக்கு ஏது நேரம்? டாக்டர் நிர்மலா ஊசியைப் பிடித்திருந்த கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவு தெறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டார்" என்று மலாயில் ஒரு குரல். சுகு. "எல்லாரையும் அப்படித்தான் வெளிய உக்கார வச்சிருப்போம். நம்பர் நான்தான் குடுக்கறதில்ல."

"இல்லை. எனக்குத் தெரிந்துதான் நடந்தது" என்றார் டாக்டர் நிர்மலா. அதையும் மலாயில்தான் சொன்னார், எல்லோருக்கும் புரியட்டும் என்று.

பெரியவர் எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பாராட்டுவார் என்றுகூட ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடியது. அவர் இரண்டும் செய்யவில்லை. வெளியே போய்க் கூடாரத்தின் கீழ் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கறிபாப்பைத் தொடாமலேயே காரில் ஏறிப் போய்விட்டார். அவர் கோபப்பட்டாரா, வருத்தப்பட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் ஆம்புலன்ஸில் சாதிக்கோடு போனேன். கிள்ளான் பாலத்தில் லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது என் வாழ்க்கையில் செய்யாத ஜெபமெல்லாம் செய்தேன். அவர் உதடும் அசைந்துகொண்டே இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டுக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது என் சட்டை முழுக்க வேர்வை.

மறுநாள் காலையிலிருந்து நம்பர் கேட்டிலேயே கொடுக்கப்பட்டது. டாக்டர் நிர்மலா யாரையும் கேட்கவில்லை, அவரே மேசையைத் தூக்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார். ஒரு நர்ஸ் அங்கே நின்று வருகிறவர்களின் முகத்தையும் கையையும் பார்த்த பிறகே கவுண்டர். முந்தைய நாள் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் மறுபடி வந்த காய்ச்சல்காரர்களை எல்லாம் நானே பார்த்தேன். போர்டு சிவப்பாகியது. அதற்கடுத்த நாளும் சிவப்பு. வாரக்கணக்கில் சிவப்பு. தினமும் காலையில் அதன் முன்னால் நிற்பது, ஆடை அவிழ்ந்து நிற்பது போலத்தான் இருந்தது. டாக்டர் நிர்மலாவை ஷா ஆலமுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்தார்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் சிஸ்டர். கடைசில, ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டாங்க. சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பீங்களான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு."

"கேட்டீங்களா?"

"பயமா இருந்துச்சு. கேக்கல."

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் அழுதார்.

சுகுவின் ஒப்பந்தம் இழுத்தடித்து இழுத்தடித்துத்தான் புதுப்பிக்கப்பட்டது. அதுவரை அவர் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்னவன் உடனே மாலை மரியாதையோடு வாழ்ந்தான் என்று நான் கதை விட விரும்பவில்லை. ஆனால் உண்மையான நேரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. காலையில் யார் யார் எதற்காக முண்டியடிக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தோம். மாத மருந்துக்கு மட்டும் வருகிறவர்களை மதியத்துக்கு மாற்றினோம். போர்டு மறுபடி பச்சையாக நெடுநாள் பிடித்தது.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. வேலையைத் திருத்துவது ஒன்று. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அந்த இடத்தைத் தள்ளி வைப்பது இன்னொன்று. முதல் வழிக்கு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கூடாரம் போதும். உங்கள் கிளினிக்கில் நேரம் திடீரென்று குறைந்தால், தயவுசெய்து கை தட்டுவதற்கு முன்னால் வெளியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விசிட் முடிந்து சில நாள் கழித்து ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் சாதிக்கைப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். ஊரில் மனைவியோடு பேசிவிட்டாராம், லேசான காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இத்தனை பயந்ததற்கும் ஒரு பலன் கிடைத்தது என்று நினைத்தேன். கிளம்பும்போது அவர்தான் கேட்டார்.

"சிஸ்டர், என் பக்கத்துல ஒரு அண்ணன் உக்காந்திருந்தாரே, நீலச் சட்டை, எனக்கு முன்னாடியே வந்தவரு. அவரு எப்படி இருக்காரு?"

"எந்த அண்ணன்?"

"அவருக்கும் என்ன மாதிரியேதான் சிஸ்டர். நாலஞ்சு நாள் காய்ச்சல், அன்னைக்குக் காலையில விட்டுருச்சுன்னாரு. வயித்தைப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. நாளைக்கு வாங்கன்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயிட்டாரு. அந்தத் தண்ணி பாட்டிலக்கூட அவருதான் என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. மறுநாள் வந்திருப்பாருல்ல?"

மறுநாள் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவந்தேன். நானே தொட்டுப் பார்த்த கைகள், நானே பார்த்த முகங்கள். அதற்கடுத்த நாள் வந்தவர்களையும் யோசித்தேன். அப்படி ஒருவர் அதில் இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் பேர் என்ன தம்பி?"

சாதிக் கஞ்சிக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"பேரு கேக்கல சிஸ்டர். பேரு சொல்லி உள்ள கூப்பிடுவீங்கல்ல, அப்பத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்."